பிரபு பதுக்கிய டூப் நெகட்டிவ்

முசோலினிக்கு சினிமா என்றால் உயிர். 1937இல் ரோமில் சினேசித்தா ஸ்டுடியோவைத் திறந்தார். சினிமாதான் எங்கள் வலிமையான ஆயுதம் என்று விளம்பரமும் செய்தார். அந்த ஆயுதத்திலிருந்து வந்ததோ பெரும்பாலும் பட்டு கவுன், மாளிகை, வெள்ளை டெலிபோன். அவ்வகைப் படங்களுக்கே 'வெள்ளை டெலிபோன்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இத்தாலியில் வறுமை கிடையாது. இருந்தாலும் திரையில் கிடையாது.

மகன் விட்டோரியோ 'சினிமா' பத்திரிகைக்கு ஆசிரியர். அதில் எழுதிய இளைஞர்களில் பலர் இடதுசாரிகள். சோறு சர்வாதிகாரி வீட்டில், சதியாலோசனை பக்கத்து அறையில்.

அந்தக் கூட்டத்தில்தான் லுக்கினோ விஸ்கோன்டியும் இருந்தார். மிலானின் பழைய பிரபு குடும்பம், பந்தயக் குதிரை வளர்த்தவர். கையில் ஓர் அமெரிக்க நாவலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. கொடுத்தவர் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார். உரிமை வாங்கவில்லையா? எதிரி நாட்டிடம் போய் யார் கேட்பது! அந்த நாவலை வைத்து விஸ்கோன்டி எடுத்த 'ஒஸெஸியோனே' 1943இல் வந்தது. போ நதிப் பக்கம் சாலையோரச் சாப்பாட்டுக்கடை, பனியனோடு வியர்த்துத் திரியும் நாடோடி, புருஷனைத் தீர்த்துக்கட்டும் மனைவி. நாயகி கிளாரா கலாமாய், ஒப்பனையில்லாத தன் முகத்தைத் திரையில் பார்த்து அரண்டுபோனாராம். "இது இத்தாலியே இல்லை" என்று கத்திக்கொண்டு விட்டோரியோ வெளியேறினார் என்பார்கள். ஓர் ஊரில் படம் ஓடிய கொட்டகைக்கே புனித நீர் தெளித்தார்களாம். இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

பாசிஸ்டுகள் மூல நெகட்டிவை அழித்தார்கள். பிரபு ஒரு டூப் நெகட்டிவைப் பதுக்கியிருந்தார்.

ஒழுங்காக அரசிடமே இருந்த படங்களின் கதி என்ன? திரைப்படக் கல்லூரியான சென்ட்ரோ ஸ்பெரிமென்டாலேயின் சேகரிப்பைப் போர்க்காலத்தில் ஜெர்மானியர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். போனவற்றில் ஒன்று, 1914இல் நீனோ மார்ட்டோலியோ எடுத்த 'ஸ்பெர்துத்தி நெல் புயோ'. நேப்பிள்ஸ் ஏழைகளைக் காட்டிய மௌனப்படம். எளியவர் வாழ்வை உள்ளபடி காட்டிய இத்தாலிய நியோரியலிசத்தின் பாட்டன் என்று இன்றும் பாடம் நடத்துகிறார்கள். படத்தைப் பார்த்த வாத்தியார்தான் இல்லை.

பிறகு புத்தி வந்தது. 1949இல் தேசியத் திரைப்படக் காப்பகம் சட்டப்படி பிறந்தது. போலோன்யா நகரம் பழைய படங்களைத் துடைத்துச் சரிசெய்யத் தனிக்கூடமே வைத்தது. இன்று இத்தாலியர்கள் பாரம்பரியம் என்று நெஞ்சை நிமிர்த்தலாம், தப்பில்லை. ஆனால், நாம் பார்க்கும் 'ஒஸெஸியோனே' பிரதிகள் அத்தனையும் உரிமை வாங்காமல் எடுத்து, அதிகாரத்துக்குத் தெரியாமல் ஒளித்த அந்த டூப்பிலிருந்து வந்தவைதான்.