நட்சத்திரக் கோட்டை ஆராய்ச்சியாளர் ஆவது எப்படி?

பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ பிறந்து, வரலாற்றைப் புரட்டிப்போட ஆசைப்படுகிறவருக்கு முதல் இடைஞ்சல் கோட்டைதான். அக்கம்பக்கத்தில் நட்சத்திர வடிவில் ஒன்றுகூடக் கிடையாது. வடக்கே அஞ்சுதெங்கில் 1695-ல் ஆங்கிலேயக் கம்பெனி எழுப்பியது சதுரம். தெற்கே கன்னியாகுமரி பக்கத்து வட்டக்கோட்டை, பெயர் என்னவானாலும், செவ்வகம். புலியூர்க்குறிச்சியின் உதயகிரிக் கோட்டை மலையைச் சுற்றி அதன் போக்கிலேயே வளைகிறது. மனம் தளர வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் ஐந்து முனையும் மாத்தறையில் ஆறு முனையும் இருக்கின்றன. செயற்கைக்கோள் படத்தை எடுத்துப் போட்டு, கீழே ‘நம் கடற்கரை’ என்று எழுதிவிடுங்கள். எது நம் கடல், எது அவர்கள் கடல் என்று மீன்பிடிக்கப் போகிறவர்களைத் தவிர வேறு யாரும் கவலைப்படுவதில்லை.

அடுத்தது கொள்கை. வெளிநாட்டுச் சரக்கு தயாராகவே கிடைக்கிறது. தார்த்தாரியா என்றொரு உலகப் பேரரசு இருந்ததாம், சேற்று வெள்ளத்தில் புதைந்ததாம், இந்தக் கோட்டைகளெல்லாம் அதன் மின் நிலையங்களாம். பழைய ஐரோப்பிய வரைபடங்களில் நடு ஆசியாவின் மேல் ‘தார்த்தாரி’ என்று எழுதியிருப்பது உண்மை. அங்கே யார் இருக்கிறார்கள் என்று சரியாகத் தெரியாதவர்கள் மொத்தமாக வைத்த பெயர் அது என்பதை மட்டும் விழுங்கிவிடுங்கள். நம் ஊர்ச் சந்தையில் தார்த்தாரியா விலைபோகாது. அதை எடுத்துவிட்டுக் குமரிக்கண்டத்தை வையுங்கள், கூடவே லெமூரியாவையும். லெமூர் என்ற விலங்கு எப்படிப் பரவியது என்று விளக்க 1864-ல் ஃபிலிப் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்த பெயர் அது. குரங்குக்குத் தூரத்து உறவான ஒரு பிராணிக்காகக் கற்பனை செய்த கண்டத்தில் நம் பாட்டன்மார் மின் நிலையம் கட்டினார்கள் என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பழகினால் வந்துவிடும்.

விஞ்ஞானமும் தொட்டுக்கொள்ள வேண்டும். உலோகத் தகட்டில் மணலைத் தூவி அதிரவைத்தால் பூப்போலக் கோலங்கள் விழும். கிளாட்னி என்ற ஜெர்மானியர் 1787-ல் புத்தகமாகவே போட்டார். அந்தப் படத்தையும் கோட்டைப் படத்தையும் மார்கழிக் கோலம் ஒன்றையும் வரிசையாக வையுங்கள். விளக்கம் எதுவும் எழுதாதீர்கள். பார்க்கிறவர் தானே ‘ஆகா’ என்பார்.

ஒரே ஓர் ஆபத்து உண்டு. பென்சிலும் ஸ்கேலும் வைத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை யாரையும் பக்கத்தில் உட்காரவிடாதீர்கள். வட்டமான கொத்தளம் ஒன்றை வரைந்து, மதில்மேல் நிற்கிற துப்பாக்கிக்காரனின் கண்ணிலிருந்து கோடு இழுத்தால், கொத்தளத்தின் அடியில் யார் பார்வையிலும் படாத ஒரு துண்டு நிலம் மிஞ்சும். எதிரி அங்கே வந்து ஒட்டிக்கொண்டு சுவருக்கடியில் வெடிமருந்து வைப்பான். கொத்தளத்தை அம்புமுனைபோல் கூராக்கிவிட்டால், பக்கத்துக் கொத்தளத்திலிருந்து அதன் முகம் முழுவதையும் பார்த்துச் சுடலாம். ஐந்து மூலையிலும் இதையே செய்து பார்த்தால் காகிதத்தில் நட்சத்திரம் தானாக விழுந்துவிடும், உங்கள் ஆராய்ச்சியும் அதோடு முடிந்தது. 1494-ல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் பீரங்கிகளோடு இத்தாலிக்குள் இறங்கினார். உயரமான பழைய மதில்கள் இனி உதவாது என்று அங்கே தெரிந்தது. மதிலைத் தாழ்த்தினார்கள், தடிமனாக்கினார்கள், உள்ளே மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். கல் உடையும், மண் குண்டை விழுங்கிக்கொள்ளும். பாதி புதைந்ததுபோல் தெரியும் அந்த மண்ணைத்தான் நீங்கள் சேற்று வெள்ளம் என்று காட்ட வேண்டும்.

‘கட்டியவர் பெயரும் வருஷமும் இருக்கிறதே’ என்பார்கள். ‘புதுப்பித்தார்’ என்ற சொல் எதற்கு இருக்கிறது? யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கேயர் கட்டியதை 1658-ல் பிடித்த டச்சுக்காரர்கள் ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். அப்படியானால் போர்த்துக்கேயரும் வேறு யாரோ கட்டியதைத்தான் மாற்றியிருப்பார்கள். மாத்தறையில் 1761-ல் கண்டிப் படையிடம் அடிவாங்கிய பிறகு, ஆளுநர் வான் எக் காலத்தில் கட்டிய சிறு கோட்டையின் வாசலில் அவர் பெயரே இருக்கிறது. பெயர்ப்பலகை மாட்டியவர்தான் வீட்டைக் கட்டினாரா என்று திருப்பிக் கேளுங்கள். சக்லேஷ்பூர் மலைமேல் 1792-ல் திப்பு சுல்தான் கட்டிய எட்டுமுனை மஞ்சராபாத் இன்னும் வசதி. அங்கே கடலே இல்லை, ஆகவே ஒரு காலத்தில் கடல் இருந்திருக்க வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கொச்சி டச்சுக்காரர்களின் ஏடுகள் இருக்கின்றன. அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள்.

ஆட்களை உதயகிரிக்குக் கூட்டிப்போவது கடைசிக் கட்டம். களியக்காவிளை தாண்டி, மார்த்தாண்டம், தக்கலை வழியாகப் போகும் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறிப் புலியூர்க்குறிச்சியில் இறங்குங்கள். உள்ளே பாழடைந்த தேவாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது, அந்தப் பக்கம் கூட்டத்தை விடாதீர்கள். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படையாள் அவர். பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, இந்தக் கோட்டையைத் திருத்திக் கட்ட மேற்பார்வை பார்த்து, 1777-ல் இறந்து இங்கேயே அடங்கினார். கல்லறையில் லத்தீனோடு தமிழிலும் வெட்டியிருக்கிறார்கள் என்பதுதான் தலைவலி, யாராவது வாசித்துவிடுவார்கள். ஒரு தேசத்து வித்தை இன்னொரு தேசத்துக்குப் போகத் தோற்ற படையின் ஆள் ஒருவரே போதும் என்று புரிந்துவிட்டால், உலகப் பேரரசை யார் வாங்குவார்கள்?

கூட்டத்தில் ஒரு பாட்டா நிச்சயம் இருப்பார். “மக்களே, இந்தக் கல்லெல்லாம் ஆருலே சொமந்தது?” என்பார். அவரிடம் ராட்சதர்கள் என்று சொல்லாதீர்கள். திருவிதாங்கூரில் கூலியில்லாமல் சுமக்கவைத்த ஊழியம் என்ற ஒன்று இருந்தது அவருக்குத் தெரியும். அவருடைய பாட்டாவின் பாட்டா தோளை ராட்சதனுக்கு எழுதிக்கொடுக்க அவர் சம்மதிக்கமாட்டார். பேச்சை உடனே சுரங்கப் பாதைக்குத் திருப்புங்கள். நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலில் அம்மச்சிப் பிலாவு இருக்கிறது. எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பி மார்த்தாண்டவர்மா அதன் பொந்தில் ஒளிந்தார் என்பது ஊர்க்கதை. அது பொந்தே இல்லை, உதயகிரிக்கு வரும் சுரங்கத்தின் வாய் என்று சொல்லுங்கள். ஊருக்குப் பெருமை என்றால் பாட்டாவும் தலையாட்டுவார். அடுத்த வருஷம் சரக்கு தீர்ந்துபோனால் சுரங்கத்தை வடக்கே நீட்டிக்கொள்ளலாம். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் பி அறையை எப்படியும் யாரும் திறந்துகாட்டப் போவதில்லை.