தஞ்சாவூரில் ஒரே நாளில் கலைமேதை ஆவது எப்படி?

முதல் வேலையாக ஒரு தலையாட்டி பொம்மை வாங்கி, அரைமணி நேரம் உற்றுப் பாருங்கள். புரிந்தாலும் புரியாவிட்டாலும் எல்லாத் திசைக்கும் தலையசைக்கும் அந்தப் பக்குவம் வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. மீதிப் பாதி, வாயில் நுழையாத சில சொற்கள்.

பெரிய கோயிலில் தொடங்கலாம். 1010இல் முடிந்த கோயில், ஏறத்தாழ 216 அடி விமானம். "இதன் நிழல் தரையில் விழாது" என்று கூட வந்தவர்களிடம் அடித்துச் சொல்லுங்கள். வெறுங்காலில் நிற்பீர்கள், கல் சுடும். ஆகவே காலை ஒன்பது மணிக்கு மேற்குப் பிராகாரத்தில் விமானத்தின் நிழலாகப் பார்த்து நின்றுகொண்டு சொல்வது உத்தமம்.

அடுத்து, 'பிரெஸ்கோ'. சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே தீட்டினால் பிரெஸ்கோ, காய்ந்தபின் தீட்டினால் செக்கோ. கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் ஒளிந்திருந்ததை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டுபிடித்தார். அங்கே எல்லாரையும் விடமாட்டார்கள். நீங்கள் சொல்வதை யாரும் சரிபார்க்க முடியாது என்பதால் தைரியமாகப் பேசலாம்.

தஞ்சாவூர் ஓவியக் கடையில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. "அருமையான த்ரோம்ப் லோய்!" என்று வாய்விட்டால் மாட்டிக்கொள்வீர்கள். தட்டையான பரப்பைப் புடைத்திருப்பதுபோல் காட்டிக் கண்ணை ஏமாற்றும் ஐரோப்பிய வித்தை அது. நம்மவர்கள் அவ்வளவு சிரமப்படவில்லை. புடைப்பு வேண்டுமா, சுண்ணப்பொடியையும் கோந்தையும் குழைத்துப் பலகைமேல் புடைக்கவே வைத்து, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டிவிட்டார்கள். தொட்டாலே தெரிந்துவிடும். பட்டறையில் அந்தக் குழைவுக்கு 'மக்கு' என்று பெயர். யாராவது அப்படிச் சொன்னால் உங்களைத்தான் என்று எண்ணிக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

படத்தில் தூரத்தைக் காட்டும் 'பர்ஸ்பெக்டிவ்' பற்றிக் கேட்டால் கும்பகோணம் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைக் கைகாட்டிவிடுங்கள். மெஷின் நடவு போட்ட வயலில் நாற்று வரிசைகள் விசிறிபோல் விரிந்து, தூரத்தில் ஒன்றாய்க் குவிந்து, பஸ்ஸோடு சேர்ந்து சுழலும். பத்து பக்கம் படித்தாலும் இவ்வளவு தெளிவாய் விளங்காது.

தாராசுரத்துக்கு மட்டும் போய்விடாதீர்கள். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்த ஐராவதேஸ்வரர் கோயிலில், கருங்கல்லில் சின்னதாக ஒரு ரிஷபகுஞ்சரம் இருக்கிறது. காளைக்கும் யானைக்கும் சேர்த்து ஒரே தலை. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. கல் அப்படியேதான் இருக்கிறது, மாறுவது நம் கண். வாத்தாகவும் முயலாகவும் தெரியும் அந்தப் பிரபலமான படம் ஜெர்மன் நகைச்சுவை இதழ் ஒன்றில் வந்தது 1892இல்தான். அதற்கு ஏழு நூற்றாண்டு முன்னமே இங்கே ஒரு சிற்பி உளியால் சிரித்திருக்கிறான். அதன்முன் நின்றால் மனப்பாடம் செய்த சொற்கள் எல்லாம் மறந்துபோகும். நானும் அப்படி வாயடைத்து நின்றவன்தான்.

சொல்லியும் கேட்காமல் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கையைச் சிற்பத்தின் மேல் வைக்காதீர்கள். உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து மறைத்தாலே யானை வந்துவிடும்.