பன்னிரண்டில் எட்டை அடி

ஜெயிக்கிற குதிரையை முதலில் தேடுகிறவன் தோற்பான் என்பது பெரியப்பாவின் கட்சி. தோற்கிறதையெல்லாம் அடித்துக்கொண்டே வந்தால் மிச்சம் நிற்பதில்தான் ஜெயிக்கிறது இருக்கும் என்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார், வீடு ராயபுரத்தில். எண்பதுகளில் எங்கள் பக்கத்து ஆட்கள் கடற்கரை நிலையத்தில் தாம்பரம் வண்டி பிடித்துக் கிண்டி ரேஸுக்குப் போவார்கள். வண்டி கோட்டையைத் தாண்டுவதற்குள் ரேஸ் புத்தகம் மடியில் விரிந்துவிடும், பென்சிலும் கைக்கு வந்துவிடும்.

"பேரை இன்னாத்துக்குடா பாக்குற? எடையைப் பாரு" என்பார் என்னிடம்.

ஹேண்டிகேப் பந்தயத்தின் உயிர் அந்த எடையில்தான் இருக்கிறது. நன்றாக ஓடிய குதிரைக்கு ரேட்டிங் ஏறும். ரேட்டிங்கோடு அது சுமக்க வேண்டிய எடையும் ஏறும். ஜாக்கியின் எடை போதாவிட்டால் ஈயத் தகடு வைத்து ஈடுகட்டுவார்கள். எல்லாக் குதிரைகளுக்கும் சமமான வாய்ப்பு இருக்கும்படி எடை போடுவது ஹேண்டிகேப்பரின் வேலை. அந்தக் கணக்கு எங்கே இடறியது என்று பார்ப்பது பந்தயம் கட்டுகிறவரின் வேலை.

பெரியப்பாவிடம் ஒரு வரிசை இருந்தது. பல மாதம் ஓடாமல் இப்போதுதான் திரும்புகிற குதிரை முதலில் போகும். அடுத்தது தூரம்: 1,200 மீட்டரில் சீறிவிட்டு 1,600-இல் மூச்சு வாங்குவது அடிபடும். பிறகு, போன வெற்றிக்குப் பின் மேல் வகுப்புக்கு ஏறி, அங்கே இன்னும் ஓடிப் பழகாதது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து தரை இளகியிருந்தால், ஈரத்தில் கால் பாவாததும் போகும். ஜாக்கி யார் என்பதைக் கடைசியில்தான் பார்ப்பார். பன்னிரண்டில் எட்டு அடிபட்டு நாலு நிற்கும். அதற்கு மேல் நின்றால் "இந்த ரேஸு வேலைக்கு ஆவாது" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். பந்தயம் கட்டாமல் விட்ட அந்தப் பக்கங்களைத்தான் நான் இன்றும் மதிக்கிறேன்.

ஜாக்பாட்டில் இந்த அடித்தலின் அருமை புரியும். தொடர்ந்து 5 பந்தயங்களில் முதலில் வருவதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் 12 குதிரை ஓடினால் 2,48,832 சேர்க்கைகள். மும்மூன்றாகக் குறைத்தால் 243. இரண்டிரண்டாகக் குறைத்தால் வெறும் 32. துறைமுகத்து நண்பர்கள் பங்கு போட்டு அந்தச் சீட்டை வாங்குவார்கள்.

பெரியப்பா சம்பளத்தைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவர் தருவதோடு கிளம்புவார். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. சம்பளக் கவரோடு நேரே கிண்டிக்குப் போய் மீட்டர் வட்டியில் மாட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டதற்குப் பின்னால் இப்படிப்பட்ட வீடுகளின் கண்ணீரும் இருந்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வராமல் வழக்கிலேயே நின்றது. 1996 ஜனவரி 12 அன்று, டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல, திறமையின் விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரயிலில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தவர்களின் உழைப்புக்கு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் ஒரு பெயர் கிடைத்தது.

இன்று விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மாறாமலே கிண்டியில் இறங்கலாம். 2021 பிப்ரவரியில் அந்தப் பாதை திருவொற்றியூரைத் தொட்டது. வழி இவ்வளவு சுலபமான பிறகு, 2024 செப்டம்பரில் ரேஸ் கிளப்பின் 160 ஏக்கர் குத்தகையை அரசு ரத்து செய்து இடத்துக்கு சீல் வைத்தது. விவகாரம் நீதிமன்றம் ஏறியது. திறமை என்று தீர்ப்பு வாங்கிய அதே பந்தயத்தை ஜி.எஸ்.டி. லாட்டரியோடும் சூதாட்டத்தோடும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. தொடக்கத்தில் 28 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அதுவும் லாபத்தின் மேல் இல்லை, கட்டுகிற தொகையின் மேல்.

பெரியப்பா பழைய புத்தகங்களைத் தேடித் திரட்டிய விவரமெல்லாம் இன்று போனில் நொடியில் வந்துவிடுகிறது. ஆனால் எங்கள் பகுதிப் பையன்களின் போனில் அதே நொடியில் பணமும் போய்விடுகிறது. கிரிக்கெட், ரம்மி, ஏதோ ஒரு செயலி என்று களம்தான் மாறியிருக்கிறது. அடித்துப் பார்க்க அவகாசம் தருகிற ரயில் பயணம் அவர்களுக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து "இது ஆவாது" என்று சொல்ல ஒரு பெரியவரும் இல்லை.

நீதிமன்றம் ஒப்புக்கொண்ட அந்தத் திறமை உண்மையானது என்றே நான் நம்புகிறேன். அதனால்தான் அதைக் கடைசிவரை கொண்டுபோகச் சொல்கிறேன். தகுதி, தூரம், எடை, தரை என்று அடித்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் அந்த 40 சதவீதத்தையும் எழுதிப் பார்த்தால், அடிபட வேண்டியது பந்தயம்தான் என்று கணக்கே சொல்லிவிடும். குதிரையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த ஒருவர், கட்டாமல் எழுந்து போகவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கை நாம் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்ட வேண்டும்.