அப்பாவின் எதிர்காலம் – தொடர்பாக

அனுப்புநர்: படுத்த படுக்கையாய்க் கிடப்பவரின் மகன், சேக்காடு, ஆவடி.
பெறுநர்: நாட்டைப் போதையிலிருந்து காத்துவரும் மேன்மைதங்கிய அரசு.
பொருள்: என் அப்பாவின் எதிர்காலத்தில் தாங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி தெரிவித்தல்.

ஐயா,

வணக்கம். அப்பாவுக்கு வயது 78. புற்றுநோய் முதுகெலும்புவரை போய்விட்டது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நேற்று ஓர் ஆஸ்பத்திரியின் மருந்து கவுன்ட்டரில், மார்ஃபின் மாத்திரைக்கான சீட்டை நீட்டினேன். அங்கிருந்தவர் மேலும் கீழும் பார்த்து, வரிசை முழுக்கக் கேட்கும்படி, "யாருக்கு இது? உனக்கா?" என்றார். அப்பாவுக்கு என்றதும் குரல் இறங்கியது. "பழகிட்டா விடவே முடியாது தம்பி. பெரியவர நேர்ல கூட்டிட்டு வா."

நெகிழ்ந்துபோனேன். டாக்டர்களே கைவிட்டவருக்கு எதிர்காலம் உண்டென்று நம்புவது தாங்கள் மட்டும்தான். போதைக்கு அடிமையாகி, படிப்பு கெட்டு, வேலை கிடைக்காமல் அவர் நடுத்தெருவில் நின்றுவிடக் கூடாதல்லவா? தங்கள் டாஸ்மாக்கில் மட்டும் யாருடைய எதிர்காலத்தையும் விசாரிப்பதில்லை, சீட்டும் கேட்பதில்லை.

1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமே மருத்துவத் தேவைக்கு விலக்குக் கொடுத்தது. பிறகு உரிமத்துக்குமேல் உரிமம் கேட்டு ஆஸ்பத்திரிகளை ஓட ஓட விரட்டினீர்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்தி அந்தச் சிக்கலை அவிழ்த்தீர்கள். சேதி அந்த கவுன்ட்டருக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் தாங்கள் உரிமம் கொடுத்துத்தான், இந்த மார்ஃபினுக்கு மூலமான கசகசாச் செடி வளர்கிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் ஆலை வைத்து அபினைப் பதப்படுத்தி, மருந்து செய்ய வெளிநாட்டுக்கும் அனுப்புகிறீர்கள். அங்குள்ள கிழவர்களுக்கு எதிர்காலம் கிடையாது போலும்.

கனடா 2001-இலும் தாய்லாந்து 2018-இலும் கஞ்சாவையே மருந்தாக அனுமதித்தன. எனக்கு அவ்வளவு பேராசை இல்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு, பேரப்பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதென்று அப்பா துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடக்கிறார். எழுந்து உட்கார முடியாத மனுஷனை மின்சார ரயிலில் ஏற்றி எப்படிய்யா கூட்டி வருவது? சில ரூபாய் மாத்திரை அது. வலியில்லாமல் சாகக்கூட உங்களிடம் கையேந்தணுமா? வெட்கமாயில்லை?

மன்னிக்கவும், வார்த்தை தடித்துவிட்டது. தங்கள் கவலை நியாயமானதே. ஆகவே, மறுவாழ்வு மையத்தில் அப்பாவுக்கு இப்போதே இடம் சொல்லி வைத்துவிடுகிறேன். மாத்திரையை மட்டும் இந்த வாரத்துக்குள் தந்துவிடுங்கள். பழகித் தொலைத்தால், பிற்பாடு திருத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
எதிர்காலம் உள்ளவரின் மகன்.