டார்கெட் அண்ணன்

பல்லடம் ரோட்டில் ஒரு சிமெண்ட் கடை. வாசலில் கம்பிக்கட்டு, உள்ளே சந்தனம் வைத்த கல்லாப்பெட்டி, கல்லாவுக்கு மேலே முருகன், முருகனுக்குப் பக்கத்தில் தாய்லாந்து. முருகன் மருதமலையில் வாங்கியது. தாய்லாந்து, கம்பெனி கொடுத்தது. வருஷத்துக்கு இத்தனை மூட்டை ஓட்டினால் இன்ன தேசம் என்று சிமெண்ட், பெயிண்ட், பம்பு கம்பெனிகள் டீலர்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. அந்தக் கணக்கிலேயே பாதி உலகத்தைப் பார்த்துவிட்டவர்தான் நம் டார்கெட் அண்ணன்.

அவருக்குப் பூகோளமே மூட்டையில்தான். கோவா சின்ன டார்கெட். பாலி நடுத்தரம். மார்ச் மாசம் அவர் கடைப் பக்கம் போய்விடக் கூடாது. மாட்டுக் கொட்டாய்க்குத் தளம் பூசலாமா என்று சும்மா விலை கேட்கப் போன ஒருத்தர் மாடி வீடு கட்டிக் குடிபோனார். அந்த வீட்டில் ஒரு மாடுகூட இல்லை.

2024 மார்ச்சில் அண்ணன் அடித்த டார்கெட்டுக்குப் புக்கெட்டும் ஃபி ஃபி தீவும் விழுந்தன. அண்ணன் வாயில் அது "பீப்பீத் தீவு". அக்காவுக்கும் சேர்த்து டிக்கெட் வந்திருந்தது. "கடலப் பாக்கறதுக்கு அத்தாந்தூரம் எதுக்குங்க, ராமேஸ்வரத்துல இல்லாத தண்ணியா?" என்று அக்கா சொல்லிவிட, மிச்சப்பட்ட சீட்டில் நான் ஏறினேன். 2023 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து சொல்லியிருந்தது. அண்ணன் அதைத் தனக்கு அனுப்பிய தனி அழைப்பாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

கொச்சி விமான நிலையத்தில் எல்லோரும் கூடினோம். நாற்பத்திரண்டு டீலர்கள், நாற்பத்திரண்டு ஆரஞ்சு டீ-ஷர்ட், ஒவ்வொரு முதுகிலும் ஒரு சிமெண்ட் மூட்டை படம். பெட்டிகளில் இட்லிப்பொடி, பூண்டு ஊறுகாய், வறுத்த நிலக்கடலை. அண்ணன் பெட்டியில் கூடுதலாகக் காங்கேயத்துச் செக்கில் ஆட்டின தேங்காய் எண்ணெய், ரெண்டு லிட்டர்.

புக்கெட் படகுத் துறையில் வரிசை நின்றது. சீனர்கள், ரஷ்யர்கள், குஜராத்திகள், நாங்கள். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார். "ஏனுங் தம்பி, எத்தன சனம் பாருங்க! இவனுகளுக்கெல்லாம் போறதுக்கு வேற எடமே இல்லீங்களா?"

அண்ணனுடைய தத்துவமே இதுதான். கூட்டம் என்றால் அது மத்தவங்க. நாற்பத்திரண்டு ஆரஞ்சு சட்டை என்பது கூட்டம் இல்லை, நம்ம ஆளுக. அந்த ஏப்ரல் கடைசியில் ஊட்டிக்கு இ-பாஸ் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது முதலில் கைதட்டியவரும் அண்ணன்தான். "கண்டவனெல்லாம் வந்து ஊட்டியக் கெடுத்துப் போட்டானுங்க." அவர் காருக்கும் பாஸ் வேண்டும், நீலகிரிப் பதிவெண் காருக்கு மட்டும்தான் விலக்கு என்று தெரிந்ததும் முகம் சுண்டிவிட்டது. "நமக்கு எதுக்குங்க? நாம சும்மா ஒரு டீ குடிச்சுட்டு வாறவங்கதானுங்களே!"

விசைப்படகில் வழிகாட்டிப் பெண், ஃபி ஃபியில் இருக்கும் மாயா வளைகுடாவின் கதையைச் சொன்னாள். 2000-இல், லியோனார்டோ டிகாப்ரியோ நடித்து அங்கே எடுத்த 'தி பீச்' படம் வந்தது. யாருக்கும் தெரியாத சொர்க்கம் ஒன்று இருக்கிறது என்பது கதை. படத்தைப் பார்த்த அத்தனை பேரும் அந்த யாருக்கும் தெரியாத இடத்துக்குப் புறப்பட்டுவிட்டார்கள். கால் கிலோமீட்டர் தேறுமா என்கிற மணலில் ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை. வந்த படகுகளெல்லாம் பவளத்தின் மேல் நங்கூரம் போட்டன. 2018 ஜூனில் அரசாங்கம் வளைகுடாவையே இழுத்துப் பூட்டியது. நாலு மாசம் என்று ஆரம்பித்தது மூன்றரை வருஷமாக நீண்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். அதற்குள் கருந்துடுப்புச் சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்திருந்தன. இப்போது படகு முன்பக்கம் வரக் கூடாது. தீவின் பின்பக்கம் இறங்கி, மரப்பாதையில் நடந்து வந்து, முழங்கால் ஆழத்தோடு நின்றுகொள்ள வேண்டும். நீந்தக் கூடாது.

"முழங்காலா?" என்றார் அண்ணன். "பூங்காக் கட்டணம் நானூறு பாட் வாங்கறானுங்க. நம்ம காசுக்குத் தொள்ளாயிரம் வருது. ரெண்டரை மூட்டைங்க தம்பி! ரெண்டரை மூட்டைக்கு முழங்கால் தண்ணியா?"

நீந்தவும் மூழ்கிப் பார்க்கவும் வேறொரு வளைகுடாவில் நிறுத்தினார்கள். இறங்குமுன் வழிகாட்டிப் பெண் எல்லாருடைய சன்ஸ்கிரீனையும் வாங்கி லேபிள் படித்தாள். பவளத்துக்கு ஆகாத நாலு ரசாயனங்கள் கலந்த களிம்பைத் தாய்லாந்து தன் கடல் பூங்காக்களில் 2021-லேயே தடை செய்துவிட்டது. அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "நம்முளுது கெமிக்கலே இல்லீங்க. சுத்தமான செக்கெண்ணெய்." சொல்லிவிட்டு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு சனிக்கிழமைக் குளியலுக்கானதைத் தேய்த்துக்கொண்டு குதித்தார். அவரைச் சுற்றி ஒரு வானவில் மிதந்தது. காங்கேயம் வாசம் அந்தமான் கடலில் வீசியது.

அடுத்தது அன்னதானம். கோயில் விசேஷம் ஒன்று விடாமல் பந்தி வைக்கிற கை அது. ஓட்டலில் காலையில் எடுத்துவைத்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட, மீன்கள் மொய்த்தன. "பாருங்க, எத்தன பசி!" என்று கண் கலங்கினார். அதில் கிளிமீனும் இருந்தது. பவளத்தின் மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்று அதை மூச்சுவிட வைக்கிற தோட்டக்காரன் அது. ஓசிச் சோறு கிடைத்தால் எந்த ஆள் களை எடுக்கப் போவான்? மீனுக்குத் தீனி போட்டால் இங்கே அபராதம் என்று அந்தப் பெண் கத்தினாள். "தருமத்துக்கு அபராதமா?" என்று அண்ணன் திகைத்து நின்றார்.

நின்றார் என்றேன் அல்லவா, அதுதான் அடுத்த வில்லங்கம். கடலுக்கு நடுவே அவர் எதன்மேல் நின்றார்? எடை தொண்ணூற்று நாலு கிலோ, ஏறத்தாழ ரெண்டு மூட்டை. காலடியில் ஏதோ மளுக்கென்றது. "அது பாறை இல்லை, உயிர்" என்று பெண் அலற, நான் மொழிபெயர்த்தேன். அண்ணன் சிரித்துவிட்டார். "சுண்ணாம்புக்கல்லுங்க அது. எங்கிட்டயேவா?"

தொழில்முறையில் அவர் சொன்னது தப்பில்லை. மதுக்கரையில் வெட்டி சிமெண்ட் ஆக்குகிற அதே கால்சியம் கார்பனேட்தான். ஆனால் இதைக் கட்டினது ராகி மணியைவிடப் பெரிதாக இல்லாத பூச்சிகள், தங்களுக்கு வீடாக. "எத்தன நாள்ல கட்டுமாம்?" என்று கேட்டார். உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு செண்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம் என்றேன். அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். "மேஸ்திரி சரியில்லீங்க."

சற்றுத் தள்ளி ஒரு திட்டு வெள்ளைவெளேரென்று இருந்தது. அண்ணன் அதைத்தான் அதிகம் ரசித்தார். ப்ரைமர் அடித்த சுவர் மாதிரி இருக்கிறது என்றார். அது அழகில்லை, பட்டினி. பூச்சிக்குள் குடியிருந்து சோறு சமைத்துப் போடுகிற பாசியைத் தண்ணீர் சூடேறினால் பூச்சியே வெளியே தள்ளிவிடும். நிறம் போய்விடும், சோறும் போய்விடும். உலகம் முழுக்க நாலாவது முறையாகப் பவளம் வெளுக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. உலகத்தின் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்டால் வருகிறது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. சீட்டு அவருடையது.

அதற்குப் பதிலாக நம் கதையைச் சொன்னேன். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவுகள். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் வருஷக்கணக்காக வெட்டி எடுத்ததில் அலைக்குத் தடுப்பில்லாமல் போனது ஒரு பெரிய காரணம். சிமெண்ட் என்ற சொல் வந்ததும் அண்ணன் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் அந்தக் காலத்து ஏவாரமுங்க."

திரும்பும் வழியில்தான் அவரே ஒரு கேள்வி கேட்டார். "ஆகஸ்டு, செப்டம்பர் ரெண்டு மாசமும் மாயாவை மூடறாங்களாமே, எதுக்குங்க?" வருஷா வருஷம் ஓய்வு கொடுக்கிறார்கள் என்றேன். அண்ணன் தொடையில் தட்டினார்.

"அட, பி.ஏ.பி. மாதிரி முறை விடறானுங்க!"

வெள்ளகோயில் பக்கம் அவருக்குப் பூமி இருக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தின் கடைமடை. நாலு மண்டலமாகப் பிரித்து, ஒன்றுக்குத் தண்ணீர் விடும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். வழிகாட்டிப் பெண்ணை உட்காரவைத்து, என்னை மொழிபெயர்க்க வைத்து, கால் மணி நேரம் விளக்கினார். வாய்க்கால் பொதுச் சொத்து. மேமடைக்காரன் ஒவ்வொருத்தனும் நான் ஒரு ஒத்தைக் குழாய்தானே போட்டேன் என்பான். ஒவ்வொருத்தன் சொல்வதும் நிஜம்தான். ஆனால் கடைமடைக்கு ஈரம்கூட வந்து சேராது. "ஒருத்தன் எடுத்தா ஒண்ணும் ஆகாதுங்க அம்மணி. எல்லாரும் அந்த ஒருத்தன்தான்னு நெனைக்கறதுலதான் வாய்க்காலே போச்சு."

அந்தப் பெண் கைகூப்பிவிட்டாள். எனக்கும் சிலிர்த்தது. பேசி முடித்த களைப்பில் அண்ணன் பையைத் துழாவி, மிச்சமிருந்த ரொட்டித் துண்டுகளைக் கடலில் உதறினார். "ரெண்டே துண்டுதானுங்க" என்றார்.

முருகனுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் தாய்லாந்து மாயா வளைகுடாதான். வெறும் மணல், பச்சைத் தண்ணீர், நடுவில் அண்ணன் ஒருத்தர். "ஒருத்தரும் இல்லாத மாதிரி எடுங்க தம்பி" என்று சொல்லியிருந்தார். கூட்டம் விலகக் காத்து, மண்டி போட்டு, கோணம் மாற்றிப் பதினெட்டு எடுத்தேன். அப்படியும் மாட்டிக்கொண்டவர்களை அவர் அக்கா மகன் போனிலேயே அழித்துக் கொடுத்தான். அழிந்தவர்களில் ஒரு ரஷ்யக் குடும்பமும் பதினோரு ஆரஞ்சு சட்டைகளும் அடக்கம்.

போன வாரம் கம்பி விலை கேட்கப் போனேன். அடுத்த டார்கெட் மாலத்தீவாம். அண்ணன் கண்ணில் அலை அடித்தது.

"கூட்டமே இருக்காதாமுங்க தம்பி. நம்ம டீலருக மட்டும் எரநூறு பேர்தான்."