டிடக்டிபிள் எவ்வளவு வைக்கலாம்? குன்றக்குடிக்காரர்களுக்கு ஒரு கைகாட்டி

மருத்துவக் காப்பீடு எடுக்கத் துணிந்துவிட்டீர்கள், வாழ்த்துகள். பெயர், பிறந்த தேதி, சர்க்கரை உண்டா இல்லையா, எல்லாம் எழுதியாயிற்று. அப்போது ஏஜென்ட் (எப்படியும் சொந்தக்காரராகத்தான் இருப்பார்) குரலைத் தாழ்த்தி, "டிடக்டிபிள் எவ்வளவு வைக்கட்டும் மாமா?" என்பார். அதாவது, ஆஸ்பத்திரிச் செலவில் முதல் இத்தனை ரூபாய் உங்கள் தலையில். அதற்கு மேல் கம்பெனி தலையில். உங்கள் பங்கு ஏறினால் பிரீமியம் இறங்கும். விடை சொல்லும் முன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்யவும்.

1. மலையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடவும். மேலே கோயில் கொண்டிருக்கும் சண்முகநாதரிடம் பிரீமியம் கிடையாது. குணமான பிறகு நேர்த்திக்கடன் மட்டும். பெரிய மருதுவின் முதுகில் வந்த ராஜபிளவை குன்றக்குடி விபூதியில் ஆறியது என்றும், அதற்காகவே அவர் கோயில் திருப்பணி செய்தார் என்றும் ஊர் சொல்லும். முதலில் குணம், பிறகு கட்டணம்: இப்படி ஒரு பாலிசியை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. மனம் தேறியதும் அடுத்ததற்குப் போகவும்.

2. இந்தத் தலைவலியே உங்களுக்குத் தேவையா என்று பார்க்கவும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. பிரீமியம் அரசு கட்டுகிறது. டிடக்டிபிள் இல்லை. விவாதிக்க ஒன்றுமில்லாததால் டீக்கடையில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

3. பிரீமியத்தை மட்டும் பார்த்து மகிழவும். டிடக்டிபிள் இல்லாமல் 20,000, ஐம்பதாயிரம் டிடக்டிபிளோடு 15,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5,000 மிச்சம். ஐந்தொகை போட்டுப் பழகிய ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை: பத்து ஆண்டு மிச்சம், ஒரு தடவை படுத்தால் சரி. ஆகவே பத்து ஆண்டுக்கு யாரும் படுக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லி வைக்கவும். அப்பத்தாவிடம் தனியாகச் சொல்லவும். மிச்சமான 5,000 அந்தந்த ஆண்டே கல்யாண மொய்யாகப் போய்விடும் என்பதை ஏஜென்டிடம் சொல்ல வேண்டாம்.

4. பெரிய டிடக்டிபிளோடு வரும் 'டாப்-அப்', 'சூப்பர் டாப்-அப்' பாலிசிகள் இரண்டும் ஒன்றுதான் என்று நம்பவும். இரண்டிலும் 5 லட்சம் டிடக்டிபிள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆண்டில் முதல் தடவை 3 லட்சம், அடுத்த தடவை 4 லட்சம் செலவு. சாதாரண டாப்-அப் ஒவ்வொரு தடவையையும் தனியாக அளக்கும். எதுவும் ஐந்தைத் தாண்டவில்லை என்று கைவிரித்துவிடும். சூப்பர் டாப்-அப் ஆண்டு முழுவதையும் கூட்டி, தாண்டிய 2 லட்சத்தைத் தரும். 'சூப்பர்' என்பது விளம்பரத்துக்காகச் சேர்த்தது என்று நினைப்பவர்கள் டாப்-அப்பையே எடுக்கலாம்.

5. பில்லில் உள்ள தொகைதான் கணக்கு என்று இருக்கவும். பில் 60,000, அதில் கையுறை, முகக்கவசம், பதிவுக் கட்டணம் என்று ஏற்கத்தகாத வகையில் 12,000 போனால் ஏற்பது 48,000. டிடக்டிபிள் 50,000. கம்பெனி தருவது சுழியம். கடிதம் மட்டும் மிக மரியாதையாக வரும்.

6. சிங்கப்பூரிலிருக்கும் மகனைக் கேட்கவும். "இங்கே எல்லாருக்கும் டிடக்டிபிள் உண்டுப்பா, யாரும் அலட்டிக்கிறதில்லை" என்பான். உண்மைதான். 2015 முதல் அங்கே நடைமுறையிலுள்ள மெடிஷீல்டு லைஃப் திட்டத்தில் வயதுக்கும் வார்டு வகுப்புக்கும் தகுந்த டிடக்டிபிள் உண்டு. ஆனால் அதைக் கட்டச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்து மெடிசேவ் கணக்கில் சேர்த்து வைக்கிறார்கள். மகன் அந்தப் பாதியைச் சொல்லமாட்டான். சம்பளத்தில் பிடிப்பது அவனுக்குப் பழகிவிட்டது. இங்கே பிடிக்க ஆளில்லை. உங்கள் மெடிசேவ், பீரோவில் இருக்கும் வளையல்தான்.

7. இவ்வளவும் செய்து குழம்பியவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளவும். ராத்திரி பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ் மதுரைக்குக் கிளம்புகிறது. நகையை அடகு வைக்காமல், மைத்துனரை எழுப்பாமல், உங்களால் எடுக்க முடிகிற தொகை எவ்வளவு? அதுதான் உங்கள் டிடக்டிபிள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம். அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, யார் கல்யாணத்துக்கும் தொடாமல் வைத்திருப்பவருக்குக் கூடுதல் டிடக்டிபிள் நல்ல பேரம். மற்றவர்களுக்கு அது, விலை குறைவாகத் தெரியும் ஒரு கடன்.

எடுக்க முடிகிற தொகை சுழியம் என்றால் கூச்சப்படாமல் சுழியத்தையே எழுதச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை. அந்த ஆறுதலும் உண்டு. ஆனாலும் டிடக்டிபிள் இல்லாததால் பிரீமியம் கூடத்தான் செய்யும். ஏஜென்ட் மறுபேச்சுப் பேசமாட்டார். அவருடைய கமிஷன் பிரீமியத்தில்தான்.