அப்பன் பேரு

ஏல பேராண்டி, தொட்டில் கட்டுமுன்னே பிள்ளைக்குக் கிளியோபாட்ரான்னு பேரு வைக்கப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதியாமே? நல்ல பேருதாம்ல. கிரேக்கப் பேரு. கிளியோஸ்னா புகழ், பாட்டேர்னா அப்பன். அப்பனோட புகழ்! மகளுக்குப் பேரு வைக்கிற சாக்குல உனக்கே பட்டம் கட்டிக்கிட்டியே, கெட்டிக்காரப் பயல்!

எகிப்துக்காரி பேருன்னு மட்டும் எவன்கிட்டயும் அளந்துராத. எகிப்தை ஆண்ட அந்த ராணி கிளியோபாட்ராவோட வம்சம் மாசிடோனியாவுல இருந்து போய் அங்க உக்காந்தது. அந்த வம்சத்துல ஊர்க்காரன் பாஷையைப் படிச்ச மொத ஆளு இவதான்னு அந்தக்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வச்சிருக்காரு.

அது கெடக்கட்டும். இந்தப் பேரு வச்ச அப்பன்மாரு கதையைக் கேளு. அலெக்சாண்டர் தங்கச்சிக்கும் இதே பேருதான். கி.மு. 336-ல ஏகே நகரத்துல அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யாருங்குத? சொந்தத் தாய்மாமன், எபிரஸ் ராஜா! (சொத்து வெளிய போயிரக்கூடாதுங்கற கவலை அங்கயும் இருந்திருக்கும் போல.) பொண்ணப் பெத்த பிலிப்பு சும்மா இருந்தானா? ஊர்வலத்துல 12 சாமி சிலையை விட்டு, 13-வதா தன் சிலையையும் விட்டான். ஜனங்க தன்னைக் கண்ணாரப் பாக்கட்டும்னு காவலாளுகளை எட்ட நிக்கச் சொல்லிட்டு அரங்கத்துக்குள்ள நடந்தான். மெய்க்காவலன் ஒருத்தனே ஓடி வந்து குத்திப்புட்டான். கல்யாணச் சாப்பாடு என்ன ஆச்சோ.

நீ நெனைக்கிற கிளியோபாட்ராவோட அப்பன் 12-ம் தாலமி. ஊரு வச்ச பட்டப்பேரு குழலூதி. கி.மு. 58-ல குடிஜனங்க தொல்லை தாங்காம ரோமாபுரிக்கு ஓடினான். அங்க கடன் வாங்கி, பெரிய மனுசங்களுக்கு லஞ்சமா இறைச்சு, 55-ல ரோமப் படையோட திரும்பி வந்தான். வந்ததும், தான் இல்லாதப்ப ஆண்ட மூத்த மகளைக் கொன்னான். கடன் கொடுத்த ராபிரியஸை எகிப்துக்கே நிதி மந்திரியாக்கினான். உனக்குக் கடன் கொடுத்தவங்களையெல்லாம் ஒருதரம் நெனச்சுப் பாத்தேன்ல, சிரிப்பாணி அடக்க முடியல.

இப்பேர்ப்பட்டவனுக்குப் பொறந்தவ 18 வயசுல பட்டத்துக்கு வந்து, 'அப்பன் மேல பிரியமுள்ளவ'ன்னு பட்டப்பேரும் வச்சுக்கிட்டா. அக்கா கதியைக் கண்ணால பாத்த பிள்ளை. பிரியம் வராம என்ன செய்யும்?

வைக்கதுன்னா வை, நான் குறுக்க நிக்கல. ஆனா உங்க ஆச்சி வாயில அம்புட்டு நீளம் நுழையாது. இப்பவே பிள்ளையை 'கிளி, கிளி'ன்னுதான் கொஞ்சுதா. புகழாவது பாதி தங்கிச்சு. அப்பன்தாம்ல அத்துக்கிட்டு விழுந்துட்டான்.